ஆறாம் மாடி அக்காவின் இரண்டாவது மாத்திரை

அந்த ஓட்டலில் எல்லாருக்கும் அவள் ஆறாம் மாடி அக்காதான். ஆறாம் மாடியின் அறைகள் முழுக்க அவள் பொறுப்பு என்பதால் வந்த பெயர். அவசரத்தில் கூப்பிடுகிறவர்கள் அக்காவையும் வெட்டிவிட்டு, "ஆறாம் மாடி எங்கப்பா போச்சு?" என்பார்கள், ஏதோ மாடியே எழுந்து டீ குடிக்கப் போய்விட்டது போல.

ஐம்பத்தாறு வயது. ஒல்லி உடம்பு, நீளமான கைகள். படுக்கை விரிப்பை ஒரே உதறலில் காற்றில் தூக்கி, அது இறங்கும்போது நான்கு மூலையும் சொல்லிவைத்த மாதிரி விழச் செய்வாள். தங்க வந்தவர்கள் வெளியே கிளம்பிய பிறகு உள்ளே போவாள், அவர்கள் திரும்புவதற்குள் வெளியே வந்துவிடுவாள். ஒரு ஆள் வந்துபோன தடமே தெரியக் கூடாது. அந்த வேலையின் லட்சணமே அதுதான். நாளடைவில் அது அவளுடைய லட்சணமாகவும் ஆகிப்போனது.

அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் நல்ல மனிதன்தான். அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஒருநாள் அவன், "நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதையா இருக்கோம், வேற ஒண்ணும் இல்லையே" என்றான். யோசித்துப் பார்த்தாள், உண்மைதான் என்று பட்டது. ஒரு சண்டைகூடப் போடாமல் பிரிந்தார்கள். பிள்ளை இல்லை. அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் அக்கம்பக்கத்தில் நாலு பேராவது வந்து நியாயம் கேட்டிருப்பார்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது? ஒருவரும் வரவில்லை.

அதன்பிறகு பழைய கட்டடம் ஒன்றில், ஓர் அறையும் சமையல் மூலையும் உள்ள வீட்டில் தனியாக இருந்தாள். கீழ் வீட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு அம்மா. படியில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். தூரத்து ஊரில் தம்பி இருந்தான், ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வான். "எப்படிக்கா இருக்கே?" "எனக்கென்னடா, நல்லா இருக்கேன்." இத்தோடு முடிந்துவிடும். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்கிறோம் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

முதல் தடவை வலி வந்தது ஒரு விடுமுறை நாளில். முதுகில் ஆரம்பித்து, தாடைக்கு ஏறி, இடது கையில் இறங்கியது. மெத்தையைத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தாள். வியர்த்துக் கொட்டிய பிறகுதான் பயம் வந்தது. அப்போதும் பஸ் பிடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே வரிசையில் நின்றாள். பின்னால் அழுகிற குழந்தையோடு ஒருத்தி நின்றிருந்தாள். "நீ முன்னாடி போம்மா, எனக்கு அவசரமில்ல" என்று வழிவிட்டாள். அந்தப் பக்கமாக வந்த ஒரு நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அடுத்த சில நிமிடங்களில் நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று அடைத்திருந்தது. மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு, அடைப்பைத் திறந்து, ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிவலையை உள்ளே வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மாத்திரைகளைக் காட்டி விளக்கினார். அவருக்கு அன்று தலைக்கு மேல் வேலை.

"இந்த ரெண்டும் ரத்தம் உறைஞ்சு கட்டியாகாம இருக்கறதுக்கு. இது தினம் ஒரு வேளை, இது காலையும் சாயங்காலமும். ஒரு வருஷத்துக்கு நிறுத்தக் கூடாது. சரியாம்மா?"

"சரிங்க."

"ஏதாவது சந்தேகம்?"

வெளியே ஆட்கள் காத்திருப்பது கதவு இடுக்கில் தெரிந்தது. "ஒண்ணும் இல்லீங்க" என்று எழுந்துவிட்டாள்.

ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது நெஞ்சில் வலி இல்லை. ஆனால் உடம்பில் வேறொன்று ஆரம்பித்தது. கட்டில் விளிம்பில் முழங்கால் லேசாக இடித்தால் போதும், மறுநாள் அந்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். தள்ளுவண்டியின் கைப்பிடி பட்ட இடத்தில் நீலம். கதவு பட்ட தோளில் பச்சை. தனக்கே தெரியாமல் எங்கெங்கோ பட்டு, குளிக்கும்போதுதான் கண்ணில் படும். யாருமே தொடாத உடம்பில் இத்தனை தடமா என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஒருநாள் சூப்பர்வைசர் அம்மா அவளைத் துணி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கறாரான பேர்வழி, ஆனால் அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. வீட்ல யாராவது கைநீட்டுறாங்களா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிக்கறதுக்காவது ஒரு ஆள் இருக்கணுமே, அம்மா."

சொன்ன வேகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. சூப்பர்வைசர் அம்மா சிரிக்கவே இல்லை. "அப்ப முழுக்கை சட்டை போட்டுக்கோ. தங்க வர்றவங்க ஒரு மாதிரி பாக்கறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

முழுக்கை சட்டை போட்டுக்கொண்டாள். முழங்கால் வலிக்கு, தெருமுனை மருந்துக்கடையில் எப்போதும் வாங்குகிற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தலைவலிக்கும் கால்வலிக்கும் வருஷக்கணக்காகப் போடுகிற மாத்திரைதானே. டாக்டர் கொடுத்த அந்த இரண்டு வேளை மாத்திரையைப் போட்ட கொஞ்ச நேரத்தில் சில சமயம் மூச்சு இழுத்து விட வேண்டும்போல இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாள், சரியாகிவிடும். அதைப் பற்றியும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பிறகு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. முதலில் பல் தேய்க்கும்போது ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. அப்புறம் ஒருநாள் வேலையிலேயே வந்தது. அப்போதுதான் விரித்து முடித்த வெள்ளை விரிப்பு. தலையணையைச் சரி செய்யக் குனிந்தாள். பொட்டு பொட்டென்று விழுந்தது. கையால் மூக்கைப் பிடித்தாள், விரலிடுக்கில் வழிந்தது. அந்த நேரம் பார்த்து அறைக்காரர் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். கதவைத் திறந்தவர் ரத்தத்தையும் அவளையும் பார்த்துப் பின்வாங்கினார். கீழே போய், தனக்கு வேறு அறை வேண்டும் என்று கேட்டார்.

"அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது" என்றாள் சூப்பர்வைசர் அம்மா. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேனேஜர் என்னைக் கேப்பார். நான் உன்னைக் கேக்க வேண்டியிருக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம், மாத்திரை கொஞ்சம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தாள்.

"இத்தனை மாத்திரை எதுக்குத்தான் கொடுக்கறாங்களோ. நெஞ்சுவலி இருக்கா இப்ப?"

"இல்லடா."

"அப்புறம் என்ன? நல்லாத்தான் இருக்கே. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

கேட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் மூக்கில் ரத்தம் வருகிறது என்று சொல்ல அத்தனை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், சாகக் கிடக்கிறவர்கள் மத்தியில் வரிசையில் நிற்பதா? அவளுக்கு வெட்கமாக இருந்தது. தனக்குத் தெரிந்த கணக்கில் யோசித்தாள். டாக்டர் என்ன சொன்னார்? இரண்டும் ரத்தம் உறையாமல் இருக்க. அப்படியென்றால் இரண்டும் ஒரே வேலை. ஓட்டலில் முன்பெல்லாம் மாடிக்கு இரண்டு பேர். இப்போது ஒருத்திதான் அத்தனை அறையையும் பார்க்கிறாள். இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்ய முடிகிறபோது, இரண்டு மாத்திரை வேலையை ஒரு மாத்திரை செய்யாதா? இரண்டு வேளை போடுகிற அந்த இரண்டாவது மாத்திரையை நிறுத்தினாள்.

நிறுத்திய பிறகு உடம்பு பளிச்சென்று தெளிந்த மாதிரி இருந்தது. மூக்கு அடங்கியது. மூச்சு லேசானது. நீலமெல்லாம் மஞ்சளாகி மங்கியது. கண்ணாடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வாரமே அரைக்கை சட்டைக்கு மாறினாள். தன் வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொண்டதில் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

ஒருநாள் காலை, தாழ்வாரத்துக் கோடி அறையின் குளியலறையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. நெஞ்சின் நடுவில் யாரோ காலை வைத்து ஏறி நின்றது போல ஒரு பாரம். இந்த முறை முதுகுவலி என்று ஏமாற வழியே இல்லை. அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். தரை ஈரமாக, ஜில்லென்று இருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லா அறையும் காலி. ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தானே அவள் வேலையே.

கழிப்பறைப் பக்கத்துச் சுவரில், தங்குகிறவர்களுக்காக ஒரு போன் மாட்டியிருந்தது. வேலையாட்கள் அதைத் தொடக் கூடாது என்பது விதி. வேலையாட்களின் போன் தாழ்வாரத்தின் மறுகோடியில். அங்கே போய்விடலாம் என்று சுவரைப் பிடித்து எழப் பார்த்தாள். கால்கள் கேட்கவில்லை. விதியை மீறக் கூடாதே என்கிற யோசனை அந்த நிலையிலும் அவளை விட்டுப் போகவில்லை. இன்னொரு முறை எழப் பார்த்து முடியாமல் போன பிறகுதான் கையை நீட்டி அந்தப் போனை எடுத்தாள்.

"வணக்கம் சார், சொல்லுங்க. உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

ரிசப்ஷன்காரர். தினம் பார்க்கிற மனிதர்தான், ஆனால் இத்தனை இதமான குரல் அவரிடம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

"சார் இல்லீங்க. நான்தான்... ஆறாம் மாடி."

"அக்காவா? ரூம் போன்ல ஏன் பேசறீங்க? மேனேஜர் பாத்தார்னா..."

"நெஞ்சு வலிக்குதுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

அதன்பிறகு போனில் சத்தம் இல்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடிவந்த அவர், கோட்டும் டையுமாக அந்த ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேசிக்கிட்டே இருங்கக்கா. தூங்கிடாதீங்க. வீட்ல யாருக்குச் சொல்லணும்?"

"தம்பிக்கு. இப்ப வேலைல இருப்பான். சாயங்காலமா சொன்னாப் போதும்."

"சாயங்காலமா? நல்லா சொன்னீங்க போங்க!" என்று அதட்டினார். அதட்டும்போது அவர் கண் கலங்கியிருந்தது. தன் கையை ஒருவர் பிடித்து எத்தனை காலமாயிற்று என்று அவள் நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு எட்டவில்லை. அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

ஸ்டென்டுக்கு உள்ளேயே ரத்தம் கட்டியாகி அடைத்திருந்தது. மறுபடியும் மணிக்கட்டு, மறுபடியும் கம்பி. இந்த முறை நெடுநேரம் போராடித் திறந்தார்கள். பிழைத்தாள். ஆனால் இதயத்தசையின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. அது திரும்ப வராது.

மறுநாள் அதே டாக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாத்திரை ஏதாவது நிறுத்தினீங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "ஒண்ண மட்டும் நிறுத்தினேங்க. ரெண்டும் ஒரே வேலைதானேன்னு..."

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஒரே வேலை இல்லம்மா. ரத்தத்துல தட்டணுக்கள்னு இருக்கு. காயம் பட்டா ஓடிவந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரத்தத்தை நிறுத்தறது அதுதான். நாங்க வெச்ச கம்பிவலையப் பாத்தா, அதுக்குக் காயம் மாதிரி, வேத்துப்பொருள் மாதிரி தெரியும். ஓடிவந்து ஒட்டும். அது ஒட்டறதுக்குப் பல வழி இருக்கு. ஒரு மாத்திரை ஒரு வழிய அடைக்கும், இன்னொண்ணு வேற வழிய அடைக்கும். வலைமேல மெல்லிசா தோல் மாதிரி வளர்ற வரைக்கும் ரெண்டும் வேணும்."

"ரத்தம் வந்துதுங்க. மூக்குலேர்ந்து. விரிப்பெல்லாம் பாழாப்போச்சு."

"வேற ஏதாவது மாத்திரை போட்டீங்களா? வலிக்கு?"

சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுதான்! அந்த வலி மாத்திரையும் ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். அதை முதல்ல விட்டிருக்கணும். நீங்க எதை விடணுமோ அதைப் போட்டுக்கிட்டு, எதைப் போடணுமோ அதை விட்டுட்டீங்க." கொஞ்சம் நிறுத்தி, "நான் கேட்டிருக்கணும். அன்னிக்கு நீங்க ஒண்ணும் இல்லன்னு எழுந்தீங்க, நானும் விட்டுட்டேன்" என்றார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் வந்து, மூக்கினுள் கசிந்துகொண்டிருந்த சின்ன ரத்தக்குழாயை மருந்து வைத்துச் சுட்டு அடைத்தார். எறும்பு கடித்த மாதிரி ஒரு எரிச்சல், அவ்வளவுதான். இத்தனை சுலபமா என்று அவளுக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போகும் முன் ஒரு நர்ஸ் போன் நம்பர் ஒன்றைக் கொடுத்தாள்.

"சாதாரண நீலம் வரும், பயப்படாதீங்க. மூச்சு கொஞ்சம் வாங்கினாலும் இந்த ரெண்டு வேளை மாத்திரையால இருக்கலாம், ஆனா எங்ககிட்ட சொல்லணும், வேற மாத்திரைக்கு மாத்த வழி இருக்கு. மலம் கறுப்பாப் போனா, ரத்தம் நிக்கவே இல்லன்னா உடனே வந்துடணும். நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது. ஒரு போன் பண்ணுங்க."

"இதுக்கெல்லாமா உங்களைத் தொந்தரவு பண்றது?"

"தொந்தரவு பண்ணுங்கம்மா. எங்களுக்கு அதுதான் வேலை" என்றாள் நர்ஸ்.

தம்பி வந்து கையோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். நல்ல வீடு, நல்ல மனிதர்கள். தம்பி மகளின் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கூடத்தில் படுக்க வைத்தார்கள். காலையில் எல்லாரும் கிளம்பிப் போனதும் அவள் எழுந்து ஒவ்வொரு அறையாகப் போய்ப் படுக்கைகளைச் சரி செய்வாள். அவர்கள் திரும்பும் நேரத்துக்குத் தன் அறைக்குள் போய்விடுவாள். தம்பி பெண்டாட்டி ஒருநாள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணி, ஏன் இப்படி? விருந்தாளி மாதிரி ஹாயா இருங்களேன்."

விருந்தாளியாக இருக்க அவளுக்குத் தெரியவில்லை. விருந்தாளிகள் போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியும். கூடத்தில் அவர்கள் கூடிச் சிரிக்கிற சத்தம் கதவைத் தாண்டி வரும். எழுந்துபோய் உட்கார்ந்தால் எல்லாரும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள், டிவி சத்தத்தைக் குறைப்பார்கள், "சாப்டீங்களா அத்தை?" என்று கேட்பார்கள். சிரிப்பு நின்றுவிடும். நடக்கத் தெம்பு வந்ததும், "நான் என் வீட்டுக்குப் போறேன்டா" என்றாள். தம்பி தடுத்துப் பார்த்தான். அவன் மனதாரத் தடுத்தான் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை.

ஓட்டலில் அவளைத் துணி அறைக்கு மாற்றினார்கள். மாடி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. சலவையிலிருந்து வருகிற விரிப்புகளைப் பிரித்து, கிழிசல் பார்த்து, மடித்து அடுக்க வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. மடித்துக்கொண்டே இருப்பாள். ஆறாம் மாடிக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். ரிசப்ஷன்காரர் ஒன்றிரண்டு முறை எட்டிப் பார்த்து நலம் விசாரித்தார். அவருக்கும் வேலை. பிறகு அதுவும் குறைந்தது. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. அன்று பிடித்த கை அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

ஒருநாள் ஈறில் ரத்தம் கசிந்தது. நர்ஸ் கொடுத்த நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிடலாமா என்று பார்த்தாள். எடுத்துவிட்டார்கள். மெல்லிய பிரஷ் வாங்கித் தேயுங்கள், மாத்திரையை விட வேண்டாம், போன் பண்ணினது நல்லது என்றாள் நர்ஸ். ஒரு நிமிடப் பேச்சுதான். அதைப் பேசுவதற்கு அவள் ஒரு முழுச் சாயங்காலம் தைரியம் சேர்த்திருந்தாள்.

அந்த வார இறுதியில் வீட்டுப் பூட்டுக்கு இன்னொரு சாவி செய்துகொண்டு, கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள். வேன் அம்மா கையில் கிரீஸ் கறையோடு கதவைத் திறந்தாள். பின்னால் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"இது என் வீட்டுச் சாவிங்க. உங்ககிட்ட இருக்கட்டுமே."

"எதுக்கு? ஊருக்குப் போறீங்களா?"

"இல்ல. எனக்கு இதயத்துல கோளாறு. ஒருநாள் நான் கதவத் திறக்கலன்னா, நீங்க திறந்து பாக்கணும்." சாவியை நீட்டினாள். "உங்களுக்குத் தொந்தரவுதான்."

வேன் அம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினாள். உள்ளே கூப்பிடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தினம் வண்டி ஓட்டுகிறவளின் காரியப் புத்தியோடு கேட்டாள்.

"திறக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க மேல, நான் கீழ. ஒண்ணு பண்ணுங்க. காலைல நான் வண்டி எடுக்கறதுக்குள்ள உங்க ஜன்னலைத் திறந்து வைங்க. மூடியிருந்தா நான் மேல வர்றேன்."

"சரிங்க."

மறுநாள் விடிந்ததும் ஜன்னலை அகலத் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே வேன் அம்மா வந்தாள், டயரை உதைத்துப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்தாள், வண்டியைக் கிளப்பினாள். மேலே பார்க்கவே இல்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை அக்கா அப்படியே நின்றாள்.

அதற்கடுத்த நாள் வேன் அம்மா பார்த்தாள். கையசைக்கவில்லை, சிரிக்கவில்லை. டயரைப் பார்ப்பது போலவே ஜன்னலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறிப் போனாள். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. பார்க்கிற நாளும் உண்டு, அவசரத்தில் மறக்கிற நாளும் உண்டு. ஆறாம் மாடி அக்கா இரண்டையும் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு மாத்திரை இரண்டையும் போட்டுக்கொண்டு, ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு வேலைக்குக் கிளம்புவாள்.